நாய்களுக்கும் ஒரு செவிலி: வீடுகளை நம்பி நடக்கும் மீட்புப் பணி

தமிழ் அக இலக்கியத்தைப் பாடமாகப் பயின்ற மாணவர் எவருக்கும் செவிலித்தாயைத் தெரியாமல் இருக்காது. தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இந்தப் பெண் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தே சீராட்டுபவள் அவள். தலைவி தலைவனுடன் உடன்போக்கு சென்றுவிட்டால், பாலை நிலத்தில் எதிர்ப்படுவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடி அலைபவளும் அவளே.

ஆங்கிலத்தில் 'ஃபோஸ்டர்' என்று சொல்லப்படும் முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்கள் மீட்புக் குழுவில் ஒருமுறை பேச்சு வந்தது. 'தற்காலிகப் பராமரிப்பாளர்' என்றார் ஒருவர். பொருள் சரிதான். ஆனால் அதில் அலுவலக வாடை அடிக்கிறது. நான் 'செவிலி வீடு' என்றேன். பிறகு அந்தச் சொல்லே எங்களுக்குள் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தெருநாய்களையும் கைவிடப்பட்ட நாய்களையும் மீட்டு, மருத்துவம் பார்த்து, தத்துக் கொடுக்கும் ஒரு சிறிய குழுவில் நான் இரண்டு ஆண்டுகளாகத் தொண்டூழியராக இருக்கிறேன். எங்களிடம் காப்பகக் கட்டடம் கிடையாது. இருப்பவை 11 செவிலி வீடுகளும் ஒரு பதிவேடும்தாம். அந்தப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. பல்கலைக்கழக விடுதியில் நாய் வளர்க்க முடியாது என்பதால் எழுத்து வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

காப்பகம் ஏன் இல்லை?

நிலம் வாங்கி ஒரு காப்பகம் கட்டிவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 1958இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்கள் செய்துவரும் பணி பெரிது. அவை இல்லாமல் எங்களைப் போன்றோர் இயங்கவே முடியாது. ஆயினும், காப்பகம் ஒன்று உண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் இரவோடு இரவாக வாசலில் பெட்டிகள் வந்து சேரும். கூண்டுகள் நிரம்பும். கூட்டம் பெருகினால் நோய் பரவும். ஒரு குட்டிக்கு வந்தது வரிசை முழுவதற்கும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்குட்டியின் மனம் உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரைதான். மிக்ஸி சத்தம், துணி துவைக்கும் இயந்திரம், சைக்கிளில் வரும் பிள்ளை, குடை பிடித்தவர், தொப்பி அணிந்தவர் என எல்லாவற்றையும் 'இது ஆபத்தில்லை' என்று அது கற்றுக்கொள்வது அந்தச் சில வாரங்களில்தான். கூண்டில் கழித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. ஒரு சாதாரண வீட்டின் சமையலறை அதனைச் செலவில்லாமல் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் வீடுகளை நம்பி நடத்துவதற்கு ஒரு விலை இருக்கிறது. காப்பகத்தில் இன்னும் ஒரு நாயை எப்படியாவது திணித்துவிடலாம். செவிலி வீட்டில் அது நடக்காது. 11 வீடுகள் என்றால் 11 நாய்கள். அல்லது ஒரே வயிற்றுக் குட்டிகள் என்றால் ஒரு கூட்டம் ஒரு வீட்டில். அதற்கு மேல் வருகின்ற ஒவ்வோர் அழைப்புக்கும் 'முடியாது' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

இந்த 'முடியாது' தான் இப்பணியிலேயே கடினமான சொல். வருகின்ற அழைப்புகளில் பாதிக்கு மேல் தெருநாயைப் பற்றியவை அல்ல. வீட்டு நாயைப் பற்றியவை. "தங்கச்சி, நாங்க ஃப்ளாட்டுக்கு மாறுறோம். நீங்க வந்து கொண்டு போயிடுங்கம்மா. இல்லன்னா பாசார் பக்கம் விட்டுட வேண்டியதுதான்," என்பார்கள். அவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாறியபோது, நாய்கள் மட்டும் லாரிக்குப் பின்னால் ஓடிவந்ததை இன்றும் சொல்வார். அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. அன்று தொடங்கிய கதை இன்னும் முடிந்தபாடில்லை.

எனவே எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அழைப்பவரிடம் முதலில் 'எப்போது வீடு மாறுகிறீர்கள்?' என்று கேட்பார். பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்கள் இருக்கும். "அதுவரைக்கும் நீங்களே செவிலியா இருங்கண்ணே. ஊசிக்கும் கருத்தடைக்கும் நாங்க ஏற்பாடு பண்றோம். நல்ல படம் எடுத்து விளம்பரம் எழுதித் தர்றோம்," என்பார். இதனால் செவிலி வீடு ஒன்று மிச்சமாகிறது. நாயும் பழகிய இடத்திலிருந்தே புது வீட்டுக்குப் போகிறது. சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். வைத்துவிட்டவரின் எண்ணையும் நான் பதிவேட்டில் எழுதி, மறுவாரம் ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன்.

முதல் பதினான்கு நாள்

புதிதாக வரும் நாய் வீட்டின் மற்ற நாய்களோடு உடனே சேர்க்கப்படுவதில்லை. பின்கட்டுக் குளியலறையிலோ தனி அறையிலோ 14 நாள்கள் தனித்திருக்கும். முதன்மையான காரணம் பார்வோ. தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் இக்கிருமி உடலுக்குள் நுழைந்து பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் வேலையைக் காட்டும். சில வேளைகளில் இரண்டு வாரம் வரை ஆகலாம். வாந்தி, இரத்தக் கழிச்சல், உடல்நீர் வற்றுதல். குட்டி ஒன்றிரண்டு நாளிலேயே சுருண்டுவிடும். நாய் போன பிறகும் கிருமி போகாது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சவர்க்காரம் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு குளோராக்ஸுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையைக் கழுவிய பின் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். புல்தரைக்கு அதுவும் உதவாது. பார்வோ கண்ட வீட்டின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவோம். தடுப்பூசி முடித்த பெரிய நாய்கள் அங்கே போகலாம். குட்டிகள் ஓராண்டுக்குப் போகக்கூடாது.

குட்டிகளுக்கு 6 அல்லது 8 வாரத்தில் முதல் ஊசி. பின் 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை தொடர வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அடுத்தது உண்ணி. நம் நாட்டு வெப்பத்தில் பழுப்பு உண்ணிக்கு ஆண்டு முழுவதும் திருவிழாதான். பெண் உண்ணி இரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பயனில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள் என்று ஒவ்வொரு செவிலிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வெளிறியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்கிளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். பத்தாம் நாளே நாய் துள்ளத் தொடங்கிவிடும், அதற்காக நிறுத்திவிடக்கூடாது.

கருத்தடை செய்யாமல் எந்த நாயையும் நாங்கள் கொடுப்பதில்லை. மிகச் சிறிய குட்டியானால், வயது வந்ததும் செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டு நாங்களே நாள் குறிக்கிறோம். ஒரு சோடி நாய்கள் ஆறு ஆண்டுகளில் 67,000 ஆகும் என்று ஒரு கணக்கு முகநூலில் சுற்றுகிறது. பிறக்கும் குட்டிகள் அத்தனையும் பிழைத்து அத்தனையும் ஈன்றால்தான் அந்தக் கணக்கு வரும்; தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதே இல்லை. ஏறத்தாழ 63 நாள் சுமந்து, ஆண்டுக்கு இருமுறை ஈன்று, அவற்றில் பலவற்றைச் சாகக் கொடுக்கும் ஒரு தாய் நாயைப் பற்றிச் சொன்னாலே போதும். மிகைக்கணக்கு தேவையில்லை.

அண்டை வீட்டாரும் சட்டமும்

செவிலி வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பக்கத்து வீட்டைத்தான் பார்க்கிறோம். தாமான்களில் ஒரே சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபியி சட்டப்பள்ளியின்படி, நாயின் உமிழ்நீரோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். ஆகவே கார் நிறுத்துமிடத்தைக் கழுவிய நீர் பக்கத்து வாசலுக்கு ஓடக்கூடாது என்பது எங்கள் விதி. நாயைக் கொண்டுவரும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. சொல்லிவிட்டுச் செய்த இடங்களில் சண்டை வந்ததில்லை. எங்கள் சுவரொட்டிகளை வடிவமைத்துத் தருபவர் ஒரு மலாய்த் தோழி. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக வரும் நபிமொழியை எனக்குச் சொன்னவரும் அவரே.

நம்மவர்கள் மட்டும் என்ன? பைரவரின் வாகனம் என்று கும்பிடுவார்கள். வீட்டு நாயையோ மூன்றடிச் சங்கிலியில் ஆயுள் முழுக்கக் கட்டிவைப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் அட்டைப் பெட்டியில் விடப்படும் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டைகளாகவே இருக்கும். 'ஆண்குட்டி இருந்தால் சொல்லுங்கள்' என்று தத்தெடுக்க வருவோரும் கேட்கிறார்கள். தொல்காப்பிய மரபியலில் நாய்க்குட்டிக்குக் குருளை என்ற பெயரும், பெண் நாய்க்குப் பாட்டி என்ற பெயரும் வருகின்றன. இதை வீட்டில் சொல்லி என் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சட்டம் முன்னைவிடக் கடுமையாகவே இருக்கிறது. 1953ஆம் ஆண்டின் பழைய விலங்குச் சட்டத்தில் வதைக்கு அதிகபட்ச அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2013இல் அது திருத்தப்பட்டது. பிறகு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நாய் உரிமம் வழங்குவதோ அந்தந்த ஊராட்சி மன்றங்களின் அதிகாரம். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பது மன்றத்திற்கு மன்றம் வேறுபடும். செவிலி வீட்டின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் அதைக் கேட்டறிவது என் வேலை.

வெறிநாய்க்கடியையும் சொல்லாமல் விட முடியாது. 2012இல் அந்நோய் அற்ற நாடு என்று மலேசியா அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் மீண்டும் தலைகாட்டியது. அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய மரணம் உறுதி என்பதால் மக்கள் அஞ்சுவது நியாயமே. அந்த அச்சத்தில் பினாங்கில் தெருநாய்கள் கொல்லப்பட்டன. கொல்வதைவிட, 70 விழுக்காட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே நோயை நிறுத்தும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எங்கள் செவிலிகளில் யாரை நாய் கடித்தாலும், அது எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், 15 நிமிடம் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. இதில் மட்டும் அக்கா யாருடைய வீரத்தையும் ஏற்பதில்லை.

பணமும் பிரிவும்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்டால்தான் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியும். அதுவரை நன்கொடை யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் விழும். நல்ல குழுக்கள் பல அந்த இடத்தில்தான் உடைந்தன. கருத்தடைக்குத் தனியார் மருந்தகத்தில் சில நூறு வெள்ளி ஆகிறது. தத்துக் கட்டணம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும்.

தத்தெடுக்க வருவோரிடம் 'உங்களுக்கு நாய் பிடிக்குமா?' என்று நாங்கள் கேட்பதில்லை. பிடிக்காமலா வருவார்கள்? 'இரவில் எங்கே படுக்கும்?', 'வாடகை வீடா?', 'தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்?' என்பவையே எங்கள் கேள்விகள். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் எங்களுக்குக் கவலை மாதங்கள். பட்டாசு வெடித்ததும் மிரண்ட நாய், கார் நுழையத் திறந்த கேட்டு வழியாக ஓடிவிடும். எனவே அந்த வாரங்களில் தத்துக் கொடுப்பதை நிறுத்திவைக்கிறோம்.

எல்லா நாயும் புது வீட்டுக்குப் போவதில்லை. சென்ற ஆண்டு டிஸ்டெம்பர் முற்றி, வலிப்பு நிற்காமல் துடித்த ஒரு வெள்ளைக் குட்டியைக் கருணையோடு அனுப்பிவைக்க நேர்ந்தது. மருத்துவரும், குழுவில் இருவரும், செவிலியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஆறு வாரம் புட்டியில் பால் கொடுத்த அந்த அம்மாள் குட்டியை மடியிலேயே வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அவரே அழைத்து, அடுத்த நாயை அனுப்பச் சொன்னார்.

சிலர் பிரிய முடியாமல் நாயைத் தாங்களே தத்தெடுத்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல வாய் வராது. ஆனால் பதிவேட்டில் ஒரு வீடு குறைந்துபோகிறது. நாய்க்கு நல்லது நடந்தும் எனக்குக் கொஞ்சம் முகம் வாடுவதை அக்கா பார்த்துச் சிரிப்பார்.

பிரிகின்ற நாளில் நாய் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புகிறோம். பழைய வாசனை இருந்தால் முதல் இரவு அழுகை குறையும். மூன்றாம் நாள் ஒருமுறை, மூன்றாம் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை அழைத்துக் கேட்கிறேன். மூன்றாம் நாள் மேசைக்கு அடியில் இருக்கிறது என்பார்கள். மூன்றாம் வாரம் செருப்பைக் கடித்துவிட்டது என்பார்கள். மூன்றாம் மாதம் பெரும்பாலும் தொலைபேசியில் முதலில் கேட்பது குரைப்புச் சத்தம்தான். அதன் பிறகே அந்த நாயின் வரியைப் பதிவேட்டில் மூடிவிட்டு, காலியான வீட்டுக்கு எதிரே அடுத்த பெயரை எழுதுகிறேன்.