பொம்மையைத் தாயிடம் கொடுங்கள்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று பெற்றோருக்குக் காட்டித்தரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர், முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நீங்கள் அந்த வீட்டில் இருக்கப்போவது ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே எவ்வளவு அழகாக விளையாடினாலும், மீதி 167 மணி நேரத்தில் வீட்டில் நடப்பதுதான் குழந்தையிடம் தங்கும். அதனால் உங்கள் மாணவர் அந்தத் தாய்தான். அல்லது தகப்பன், பாட்டி, யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு முடிவிலிருந்து வருவது.

இதற்கு நல்ல ஆதாரம் ஜமைக்காவில் இருக்கிறது. 1986-87இல் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் குழுவினர் ஓர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 9 முதல் 24 மாத வயதினர். சில வீடுகளுக்குச் சத்துப் பால்மாவு மட்டும், சிலவற்றுக்கு வாரம் ஒரு மணி நேர வருகை மட்டும், சிலவற்றுக்கு இரண்டும், மற்றவற்றுக்கு இரண்டும் இல்லை. வீடு வீடாகப் போனவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள். கையில் இருந்ததும் வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்கள்தான். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வருகை கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. ‘சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் விளையாட்டு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். சோறு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. சோறு மட்டும் போதாது.

ஆகவே முதல் படி, எத்தனை வீடுகளுக்கு வாரந்தோறும் போக முடியுமோ அத்தனையை மட்டும் ஏற்றுக்கொள்வது. ஜமைக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் மாதம் ஒரு முறை போனதால் பயன் இல்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனதால் ஓரளவு பயன், வாரந்தோறும் போனதால்தான் நல்ல பயன் என்று தெரிந்தது. நம் நாட்டில் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்கு வரும் ஏற்பாடு 2018 முதல் இருக்கிறது. எடை பார்க்கவும் இணை உணவு பற்றிச் சொல்லவும் அது உதவும். ஒரு தாயின் அன்றாடப் பழக்கத்தை மாற்ற ஐந்து சந்திப்பு போதாது.

நேரத்தை அந்த வீடு முடிவு செய்யட்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டிலேயே பூக்கட்டுகிறவருக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்து, உள்ளே வரச் சொன்ன பிறகு போங்கள். அவர் பாயில் உட்கார்ந்தால் நீங்களும் பாயில் உட்காருங்கள். உங்களைவிட வயதில் சிறியவராக இருந்தாலும் ‘நீங்க’ என்றே பேசுங்கள். பாட்டி இருந்தால் முதல் பேச்சு பாட்டியோடு இருக்கட்டும். அவர் முகம் சுளித்தால், நீங்கள் போன பின் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. ‘போன வாரம் பாப்பா என்ன செஞ்சா?’ என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். தாய் சொல்லும் பதிலில்தான் அன்றைய பாடம் இருக்கிறது.

பிறகு ஒரே ஒரு விளையாட்டு. எவர்சில்வர் டம்ளருக்குள் பெரிய மூடியைப் போட்டு எடுப்பது, துணிக்குள் கரண்டியை ஒளித்துவைத்துத் தேடவிடுவது, தண்ணீர் ஊற்றும்போதே ‘சொம்பு’, ‘ஜில்லு’ என்று பெயர் சொல்லிக்கொண்டே குளிப்பாட்டுவது, இந்த மாதிரி. ஒரு தடவை நீங்கள் செய்து காட்டுங்கள். உடனே பொருளைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு உங்கள் கையை மடக்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையிலேயே கடினமான நொடி இதுதான். அவர் தடுமாறுவார், குழந்தை வேறெங்கோ பார்க்கும், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். நீங்கள் மறுபடி பொம்மையை வாங்கினால், ‘இது டீச்சர் வேலை, நமக்கு வராது’ என்று அவர் முடிவு செய்துவிடுவார். பாராட்டும்போது ‘சூப்பர்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ‘அவன் விரல் நீட்டினதும் நீங்க அந்தப் பேரைச் சொன்னீங்களே, அதேதான்’ என்று சொல்லுங்கள். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியும்.

விளையாட்டுப் பொருளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அடுத்த வாரம் மாற்றிக்கொடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பரணில் தூக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ‘உடைஞ்சாலும் பரவாயில்லை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புளியங்கொட்டை, பொத்தான், சின்ன மூடி, சுருக்கமாகச் சொன்னால் குழந்தையின் வாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் வேண்டாம்.

அந்தத் தாய்க்கு நேரம் எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. தனி நேரம் ஒதுக்கச் சொன்னால் அது நடக்காதுதான். துணி மடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் பேசுவதற்குத் தனி நேரம் தேவையில்லை. ஏழைகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று சொல்வதாகாதா என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். போகிறவர் உபதேசம் செய்தால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். பாட்டியின் தாலாட்டையும் தாத்தாவின் கதையையும் எடுத்துக்கொண்டு அவற்றின்மேல் கட்டினால் அப்படி ஆகாது. செல்போனில் வீடியோ அனுப்பினால் போதாதா என்பாரும் உண்டு. பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வீடியோவுக்குத் தெரியாது. தவிர, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பலன் நிலைக்குமா என்பதற்கு மட்டும் என்னிடம் உறுதியான பதில் இல்லை. கொலம்பியாவில் 1,420 குழந்தைகளைச் சேர்த்து இதே முறையைப் பெரிய அளவில் சோதித்தபோது முடிவில் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அது மங்கிப்போயிருந்தது. இந்த வருகைகளோடு எல்லாம் முடிந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்து அங்கன்வாடி, அதன்பின் பள்ளி என்று குழந்தையைக் கைமாற்றிவிடுவதும் உங்கள் வேலைதான்.

ஒன்றரை வயதாகியும் நடக்காத, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத, சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை ‘போகப்போகச் சரியாகிடும்’ என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவருக்கு அனுப்புங்கள். அடி, வன்முறை கண்ணில் பட்டால் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 தொலைபேசி எண்ணும் இருக்கிறது. மற்றபடி ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் பேசக் கூடாது.

கடைசியாக, இந்தப் பணியாளர்களை நியமிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் எண்ணிக்கை கூடுவதற்காக ஒருவரிடம் நூறு வீட்டைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை போக முடிகிற அளவு கொடுங்கள். மேற்பார்வையாளர் அவ்வப்போது கூடவே போய், பொம்மை யார் கையில் இருக்கிறது என்று பார்த்து வரட்டும்.