மஞ்சள்: வகைப்பெயர்களும் பயன்பாட்டறிவும்

முன்னுரை

தமிழர் வாழ்வில் உணவாகவும் மருந்தாகவும் ஒருங்கே வழங்குவது மஞ்சள். அதன் வகைப்பெயர்கள் பயன்பாட்டு வேறுபாட்டை உணர்த்துகின்றன என்பதையும், அப்பெயர்களோடு இணைந்த அறிவைப் பதிவு செய்யவேண்டிய தேவையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வகைப்பெயர்கள்

தாய்க்கிழங்கிலிருந்து விரல்போல் கிளைப்பது விரலி மஞ்சள். இதனை அவித்து உலர்த்திப் பொடித்துச் சமையலில் சேர்ப்பர். உருண்டையான தாய்க்கிழங்காகிய குண்டு மஞ்சளைப் பெண்கள் உரைத்து உடலில் பூசுவர். கஸ்தூரி மஞ்சள் வேறோர் இனம். மணமிக்க இது பெரும்பாலும் மேற்பூச்சுக்கே உரியது. மரமஞ்சளோ இஞ்சிக் குடும்பத்தைச் சாராத ஒரு மரக்கொடி. நிறத்தால் மட்டுமே இப்பெயர் பெற்றது. எனவே, பொதுப்பெயரை மட்டும் கொண்டு மருந்துப் பொருளைத் தேர்வது பிழைக்கு இடந்தரும்.

அடுக்களையும் மருத்துவமும்

மீனைக் கழுவுகையில் மஞ்சள் தடவுதல், தொண்டைக்கட்டுக்குப் பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்துப் பருகுதல், நீர்க்கோவைக்கு விரலி மஞ்சளைச் சுட்டு அதன் புகையை நுகர்தல் ஆகியன இல்லங்களில் வழங்கும் முறைகள். மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் உட்கவரப்படுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அதற்குத் துணைசெய்கிறது என்பது இன்றைய அறிவியல் முடிபு. பாலில் மிளகு சேர்க்கும் வழக்கம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

எழுத்துச் சான்றின் இன்றியமையாமை

புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் முந்தைய எழுத்துச் சான்றுகளை முன்வைத்து மறுத்ததால், 1997இல் அது நீக்கப்பட்டது. வழக்காறு தொன்மையானது என்னும் கூற்று மட்டும் அங்குப் போதவில்லை. எழுத்தே சான்றாக நின்றது. பின்னர் உருவான மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றன. ஆயினும், நூலேறாத அடுக்களை வழக்குகள் இன்னும் வாய்மொழியிலேயே உள்ளன.

முடிவுரை

மஞ்சளின் வகைப்பெயர்கள் வெறும் சொற்கள் அல்ல. எதனை உண்பது, எதனைப் பூசுவது என்னும் அறிவின் சேமிப்புகள். வட்டார வழக்குப்பெயர், பயன்படும் உறுப்பு, பக்குவம், பயன் ஆகிய நான்கையும் இணைத்துக் களஆய்வின்வழித் தொகுப்பது தமிழாய்வின் கடமையாகும். இல்லையேல் பெயர் எஞ்சும், பொருள் மறையும்.