பார்க்க முடியாததைப் படமாக்கும் தொழில்

மாணவர்களே, பினாங்குக் கொடிமலையில் மரத்துக்கு மரம் தாவும் லோத்தோங் குரங்குகளைப் படமாக்க என்ன வேண்டும்? நல்ல கேமராவும் நிறைய பொறுமையும் போதும். ஆனால் ஒரு கருந்துளையைப் படமாக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? அதன் அருகே எந்தக் கேமராவும் போக முடியாது. டைனோசர் வாழ்ந்த காலத்துக்கும் யாரும் திரும்பிப் போக முடியாது.

இப்படிப்பட்ட இடங்களில் அறிவியல் ஆவணப்படத்துக்குக் கைகொடுப்பது வி.எஃப்.எக்ஸ். எனப்படும் கணினிக் காட்சிக் கலை. புதுச்சேரிச் சிறுவனின் கதையான 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தில் படகில் வந்த புலி நினைவிருக்கிறதா? பெரும்பாலான காட்சிகளில் அது கணினியில் உருவான புலி. அந்த வேலையில் நம் சைபர்ஜெயாவில் இயங்கிய கலைக்கூடமும் பங்கேற்றது. ஆகவே, இது நமக்கு எட்டாத தொழில் அல்ல.

சினிமாவுக்காக இக்கலையைக் கற்ற ஒருவர் அறிவியல் படம் எடுக்க வந்தால், ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது என்ன? ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்துக்காக இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகளை எழுதித் தந்தார். லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனத்தினர் அவற்றைக் கணினி நிரலாக மாற்றினர். கருந்துளையின் ஈர்ப்பு ஒளியையே வளைக்கும். அந்த வளைவைக் கணக்கிட்டு ஒரே ஒரு படச்சட்டத்தை உருவாக்கச் சில வேளைகளில் 100 மணி நேரம்வரை ஆனது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்!

இவ்வளவு உழைத்தும், ஓர் உண்மையை அவர்கள் விட்டுவிட்டார்கள். கருந்துளையைச் சுற்றி வெப்ப வாயு மிக வேகமாகச் சுழல்கிறது. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் சைரன் ஒலி மாறிக் கேட்கிறது அல்லவா? ஒளியிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. நம்மை நோக்கி வரும் பக்கம் பளிச்சென்றும், விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். ரசிகர்கள் குழம்புவார்கள் என்று கருதி, படத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்துடன் காட்டினார்கள். 2015இல் தோர்னும் அந்தக் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், எதை விட்டோம் என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள்.

1979லேயே ஜான்-பியர் லூமினே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கணினி தந்த எண்களை வைத்து, கருந்துளையைப் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வரைந்தார். அதில் ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருந்தது. 2019 ஏப்ரல் 10ஆம் நாள், 55 மில்லியன் ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 கருந்துளையின் முதல் படம் வெளியானது. பல நாடுகளின் ரேடியோ தொலைநோக்கிகள் சேர்ந்து தந்த படம் அது. அதன் ஒளி வளையத்திலும் ஒரு பக்கமே கூடுதலாக ஒளிர்ந்தது.

இப்போது புரிகிறதா? சினிமாவில் "பார்க்க நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்வி முதலில் வரும். அறிவியல் படத்தில் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி முதலில் வர வேண்டும். பார்ப்பவர் திரையில் கண்டதை உண்மை என்றே நம்பிவிடுவார். எது அளந்தது, எது கணக்கிட்டது, எது ஊகம் என்பதை அவருக்குச் சொல்வது படம் எடுப்பவரின் கடமை.

இத்துறையில் ஆர்வமுள்ளவர்கள் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். ஓவியம், கணினி நிரல், தெளிவாக எழுதும் பழக்கம் ஆகியவையும் வேண்டும்.

இந்த வாரமே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். பெரியவர் ஒருவருடன் ஜார்ஜ்டவுன் கடலோரத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் நின்று, அரை மணிக்கு ஒரு முறை கைப்பேசியில் கடல்மட்டத்தைப் படம் எடுங்கள். ஏற்றத்திலிருந்து வற்றம்வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். படங்களை வரிசையாக ஓட்டினால் கடல் இறங்குவது தெரியும். ஆனால் நிலவின் ஈர்ப்பு தெரியாது. அதை அம்புக்குறியாக நீங்களே வரைந்து சேருங்கள். பக்கத்தில் "இது நான் எடுத்தது, இது நான் வரைந்தது" என்று மறக்காமல் எழுதுங்கள்.

அந்த ஒரு வரியை எழுதிவிட்டால், இத்தொழிலின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டீர்கள்.