விளம்பரத்துக்கு முந்தைய வேலை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.  

புது கம்பெனியில் பிராண்ட் ஸ்ட்ராட்டஜி பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கூடவே உன் கவலையையும் சொன்னாள். ஏ.ஐ. ஒரு நிமிஷத்தில் பத்து வாசகம் எழுதித் தள்ளுகிறது, பெரிய ஏஜென்சிகளே பெயர் தெரியாமல் போகின்றன, இந்த நேரம் பார்த்தா இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று புலம்பினாயாமே. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் பயத்தில் பாதி நியாயம்தான். நான் விளம்பரத் தொழிலுக்கு வந்த நாளில் ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற பெயருக்கே தனி மரியாதை. அமெரிக்காவில் 1864-இல் தொடங்கிய கம்பெனி, 1929-லேயே பம்பாயில் கிளை போட்டது. 2018-இல் இன்னொரு கம்பெனியோடு இணைத்தபோது அந்தப் பெயரில் பாதி போயிற்று. 2024-இல் மீதியும் போய், வி.எம்.எல். ஆகிவிட்டது. 2025 கடைசியில் ஆம்னிகாம் என்ற விளம்பரக் குழுமம், இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு குழுமத்தை வாங்கி முடித்த கையோடு டி.டி.பி., எஃப்.சி.பி. போன்ற பழைய ஏஜென்சிப் பெயர்களுக்கும் விடைகொடுத்தது.

காரணம் சரக்கு தீர்ந்தது அல்ல, காசு வரும் வழி மாறியது. அந்தக் காலத்தில் பத்திரிகையிலும் டிவியிலும் ஏஜென்சி இடம் வாங்கித் தரும். அந்தத் தொகையில் 15 சதவீதம் கமிஷன். வாசகம், படம், யோசனை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதிலேயே கூலி அடங்கிவிடும். இன்றைக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கையிலிருக்கும் போனிலேயே ஐந்நூறு ரூபாய்க்கு கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட்டுவிடுகிறார். நடுவில் ஆள் எதற்கு? இடம் வாங்கிக் கொடுத்துப் பிழைத்தவர்களுக்குத்தான் அடி. யாருக்கு, எதை, என்ன சொல்லி விற்பது என்று யோசிக்கிறவர்களின் தேவை அப்படியே இருக்கிறது. உன்னை எடுத்தது அந்த வேலைக்கு.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நம் கடலூர்க் கதையை விட நல்ல பாடம் இல்லை. ஷாம்பு பாட்டில் வசதியானவர் வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த காலம் அது. கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்கக்கூடியதாகப் பொருள் இருக்க வேண்டும் என்று, அதைச் சின்ன பாக்கெட்டில் அடைக்க முனைந்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பின்னால் கெவின்கேர் என்று வளர்ந்த கம்பெனி.

கிராமத்தில் அப்போது தலைக்குச் சீயக்காய், இல்லாவிட்டால் சோப்பு. டிவியில் விளம்பரம் கொடுத்து அதை மாற்றவில்லை. கம்பெனி ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு பையனை எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களிடம் அந்த முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். அடுத்து, எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். அது பரவியபின், சிக்கின் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். முதல் கட்டத்தில் போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் கையில் சரக்கைச் சேர்த்தார்கள். இரண்டாம் கட்டத்தில் அவரைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள். மல்லிகை, ரோஜா மணத்தில் ஷாம்பு வந்ததும் சும்மா இல்லை. வாங்குகிறவர் தலையில் என்ன பூ வைக்கிறார் என்று பார்த்து எடுத்த முடிவு.

இதில் விளம்பர வாசகம் எங்கே இருக்கிறது? கடைசியில்தான். அளவு, விலை, மணம், காலி பாக்கெட் எல்லாம் அதற்கு முன்னால் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளை எடுக்கத் தெரிந்தவருக்கு ஏ.ஐ. நல்ல கையாள். தெரியாதவருக்கு அது எழுதித் தரும் பத்து வாசகத்தில் எது சரி என்றுகூடச் சொல்லத் தெரியாது.

விளம்பரம் மட்டும் தனியாக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. நிர்மா சலவைப் பவுடர் மலிவு விலையில் சந்தையைப் பிடித்தபோது, ஹிந்துஸ்தான் லீவரின் சர்ஃபுக்கு விளம்பரத்தில் லலிதாஜி என்ற இல்லத்தரசி வந்தார். இந்தியாவின் மிகச் சிறந்த விளம்பரங்களில் ஒன்று. இன்றும் பாடமாகச் சொல்கிறோம். ஆனாலும் நிர்மா வாங்கும் வீடுகளைப் பிடிக்க ஹிந்துஸ்தான் லீவர், வீல் என்று வேறொரு மலிவான பவுடரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. விலையால் வந்த சிக்கலை வாசகத்தால் தீர்க்க முடியாது.

வாங்குகிறவர் மனசில் எது உறுத்துகிறது என்று கண்டுபிடிப்பதும் உன் வேலைதான். நகை வாங்கப் போகிறவருக்குத் தங்க விலை பேப்பரிலேயே தெரியும். பயம் எல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும். லலிதா ஜுவல்லரி விளம்பரத்தில் கடைக்காரரே வந்து, நகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடையில் விலை கேட்டுப் பாருங்கள் என்கிறார். அங்கே விலை குறைவா, கூடுதலா என்பது வேறு பேச்சு. வாங்குகிறவரின் சந்தேகத்தைத் தானே எடுத்துப் பேசியதில்தான் அந்த விளம்பரம் நின்றது. பெரிய நடிகை சிரித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

இனி நீ தினமும் பார்க்கப்போகும் விளம்பர டாஷ்போர்டுக்கு வருகிறேன். அதில் வரும் எண்களைப் படி, ஆனால் அப்படியே நம்பாதே. ஒருவர் ஒரு கம்பெனியின் செருப்பை வாங்குவது என்று முடிவு செய்து, அதன் பெயரையே கூகுளில் தட்டுகிறார். மேலே அதே கம்பெனியின் விளம்பரம். அதைச் சொடுக்கி வாங்குகிறார். விற்பனை முழுவதும் அந்த விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களையெல்லாம் நான்தான் கூட்டிவந்தேன் என்று வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் சொல்வது மாதிரி. ஈபே கம்பெனி தன் பெயருக்கான கூகுள் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, வருகிறவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் விளம்பரம் இல்லாமலேயே வந்தார்கள். அடிடாஸ் 2019-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது: உடனடி விற்பனைக்கான விளம்பரத்துக்கு 77 சதவீதம், பிராண்டை வளர்க்க 23 சதவீதம் என்று செலவழித்து வந்திருக்கிறார்கள், கணக்குப் பார்த்தால் விற்பனையில் 65 சதவீதம் பிராண்ட் விளம்பரத்தால் வந்திருக்கிறது. லெஸ் பினெட், பீட்டர் ஃபீல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் சொன்ன சராசரி, பிராண்டுக்கு 60, உடனடி விற்பனைக்கு 40. தொழிலுக்குத் தொழில் இது மாறும். ஆனால் இந்த மாதம் வாங்குகிறவரையே துரத்திக்கொண்டிருந்தால், அடுத்த வருஷம் வாங்கவேண்டியவருக்கு உன் பிராண்டின் பெயரே தெரியாது என்பது மாறாது.

இன்னொன்று, மாற்றாமல் இருக்கக் கற்றுக்கொள். அமுல் விளம்பரத்தில் புள்ளி வைத்த கவுன் போட்ட பெண் 1966-இல் வந்தாள். அரசியல், கிரிக்கெட், சினிமா என்று அவள் பேசும் விஷயம் அடிக்கடி மாறுகிறது, அவள் மாறவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு மேனேஜருக்கும் லோகோவை மாற்றக் கை அரிக்கும். அவர் அதைத் தினமும் பார்த்துச் சலித்திருப்பார். வாங்குகிறவரோ வருஷத்தில் சில தடவை, அதுவும் அரைக்கண்ணால் பார்க்கிறார். அவருக்கு இன்னும் மனசில் பதியவே இல்லை. மாற்றவேண்டாம் என்று மீட்டிங்கில் சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு "நான் வீட்டில் இதைத்தான் பயன்படுத்துகிறேன்" என்று பேசுகிற இன்ஃப்ளூயன்ஸர்களை வைத்தும் வேலை வாங்கச் சொல்வார்கள். வாங்கு. ஆனால் அது விளம்பரம் என்று தெளிவாகப் போடவேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-இலேயே விதி வகுத்துவிட்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. அபராதத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஒரு தடவை ஏமாந்தவரிடம் மறுபடி விற்பதைவிட, புதிதாக ஓர் ஆளைத் தேடுவது சுலபம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் உன் தெரு மளிகைக்கடையில் ஒரு மணி நேரம் நில். வருகிறவர் "சாம்பார் பொடி" என்று கேட்கிறாரா, கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்கிறாரா என்று கவனி. கேட்டது இல்லை என்று கடைக்காரர் சொன்னதும், இருப்பதை வாங்கிப் போகிறாரா, அடுத்த கடைக்கு நடக்கிறாரா என்று பார். அப்படி அடுத்த கடைக்கு நடக்கிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் உன் சம்பளத்துக்கான வேலை. மற்றதெல்லாம் அதற்கான கருவி. கருவி பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறத்தான் செய்யும். போய்ப் பார்த்துவிட்டு, கண்டதை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா