லோடு கொடுத்துப் பார்! – பிட்காயின் இயந்திரத்தில் பவர் சப்ளைப் பழுது



பிட்காயின் என்ற சொல்லைக் கேள்விப்படாத டிப்ளமோ மாணவர் இன்று இருக்க முடியாது. 2009 ஜனவரியில் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ தொடங்கி வைத்த இந்த நாணயத்தைப் பற்றி நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் நடக்காத பட்டிமன்றம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்ற வம்புக்கு நான் வரவில்லை. அதைத் தோண்டி எடுக்கும் இயந்திரத்தின் பவர் சப்ளையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஏனென்றால், நாம் லேபில் 12 வோல்ட், 1 ஆம்பியர் சப்ளை செய்து, வோல்ட்மீட்டரில் 12 காட்டியதும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அதே 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓடினால் என்ன ஆகும் என்பதை இந்த இயந்திரம்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

2016-ல் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்9 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வருவது பெரும்பாலும் இதுதான். செருப்புப் பெட்டி அளவுள்ள இதன் உள்ளே மூன்று ஹேஷ் போர்டுகள். ஒவ்வொன்றிலும் 63 சிப்புகள், ஆக மொத்தம் 189. எல்லாம் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 13.5 லட்சம் கோடி தடவை ஒரே கணக்கை வெவ்வேறு எண்களைப் போட்டுச் செய்து பார்க்கும். இதற்குச் சுவரிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 1,300 வாட். ஒரு அயர்ன் பாக்ஸை இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருப்பது போல! 230 வோல்ட் பக்கம் பார்த்தால் 5.7 ஆம்பியர்தான். 12 வோல்ட் பக்கம் பார்த்தால் சுமார் 100 ஆம்பியர். அதைச் சுமந்து போக ஆறு பின் கனெக்டர்கள் பத்து: போர்டுக்கு மூன்று வீதம் ஒன்பது, கண்ட்ரோல் போர்டுக்கு ஒன்று.

சிங்கம்புணரியில் கயிறு வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன், சேர்த்து வைத்த பணத்தில் இப்படி ஒரு இயந்திரத்தை வாங்கியிருந்தார். போட்டால் ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் மூன்றாவது போர்டு காணாமல் போகிறது. சாயங்காலம் ஆனால் மொத்த மிஷினும் தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது. இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். "போர்டு போயிருச்சு தம்பி, எடைக்குத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. சப்ளை நல்லாத்தான் இருக்காம், மீட்டர்ல 12.2 காட்டுது" என்றார்.

அந்த 12.2-தான் விஷயமே. அது கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்த வோல்டேஜ். கரண்டே ஓடாதபோது நூல் மாதிரி வயரில்கூட 12 வோல்ட் முழுசாக வந்து சேரும். வோல்டேஜ் இழப்பு என்பது கரண்ட்டையும் ரெசிஸ்டன்ஸையும் பெருக்கி வருவது. கரண்ட் பூஜ்யம் என்றால் இழப்பும் பூஜ்யம். ஆகவே லோடு இல்லாமல் அளந்த ரீடிங் சப்ளை உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், அது வேலைக்கு ஆகுமா என்று சொல்லாது.

முதலில் ஓடவிட்டு, போர்டின் டெர்மினலிலேயே மீட்டரை வைத்தோம். இரண்டு போர்டுகளில் 11.9. மூன்றாவதில் ஆரம்பத்தில் 11.7, சூடு ஏற ஏற 11.2 வரை இறங்கி, அங்கே போர்டு நின்றுவிட்டது. போர்டு கெட்டதா, வரும் வழி கெட்டதா? இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. மிஷினை அணைத்துவிட்டு, மூன்றாவது போர்டுக்குப் போகும் மூன்று லீடுகளை முதல் போர்டுக்கும், முதல் போர்டின் லீடுகளை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட வேண்டும். பழுது போர்டோடு தங்கினால் போர்டு கெட்டது. லீடுகளின் பின்னால் போனால் சப்ளை பக்கம் கெட்டது. நாங்கள் மாற்றியதும் முதல் போர்டு நின்றது, 'செத்துப்போன' மூன்றாவது போர்டு ஓடியது! ஸ்டேட்டஸ் பக்கத்தில் 63 சிப்புக்கும் 'ஓ' வரிசையாக விழுந்ததை அண்ணன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

இனிமேல் வருவதுதான் நான் மிகவும் ரசித்த பகுதி. அந்த மூன்று லீடுகளில் இரண்டு கனெக்டர்கள் தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. மூன்றாவது கனெக்டர் ஜில்லென்று, புதுசு போல் இருந்தது. பழுப்பேறியதைத்தானே மாற்றத் தோன்றும்? ஏற்கெனவே ஒருவர் அதில் ஒன்றை மாற்றியிருந்த அடையாளமும் தெரிந்தது. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தோம். ஒரு லீடுக்கு 11 ஆம்பியர் வீதம் சமமாகப் பிரிய வேண்டும். கிடைத்ததோ 15, 16, 2. ஜில்லென்று இருந்த கனெக்டரில் 2 ஆம்பியர் மட்டுமே! அதன் உள்ளே பின்னைப் பிடிக்கும் தகடு விரிந்து பிடிமானம் போயிருந்தது. மூன்று பாதைகளும் பாரலல். ஒன்றில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் அது தன் பங்கைச் சுமக்காமல் ஒதுங்கிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நல்லவர்கள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து வேகுவார்கள். சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 11 ஆம்பியர் 16 ஆனால் சூடு இரண்டு மடங்குக்கும் மேல். எனவே சூடானதை மட்டும் மாற்றினால் சில நாளில் அதுவும் பழுப்பேறும். குளிர்ந்து கிடப்பதையும் சந்தேகப்பட வேண்டும்.

கிளாம்ப் மீட்டர் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டுமே காட்டும். டி.சி. காட்ட ஹால் எஃபெக்ட் வகை வேண்டும். அதோடு லீடின் பிளஸ் வயர்கள் மூன்றை மட்டும் பிரித்து கிளாம்புக்குள் விட வேண்டும். மைனஸையும் சேர்த்து விட்டால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும், மீட்டரைக் குறை சொல்லிக்கொண்டு நிற்போம்.

அடுத்து சாயங்கால நோய். இது நம் மண்ணுக்கே உரிய பாடம். சிங்கம்புணரியில் தென்னை நார் மில்லும் கயிறு திரிக்கும் இடங்களும் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டைரக்ட் ஆன்லைன் ஸ்டார்ட்டரில் ஒரு மோட்டாரைப் போட்டால், ஓடும் கரண்ட்டைப் போல ஐந்து ஆறு மடங்கை அது ஒரு கணம் இழுக்கும். அந்த நேரம் பக்கத்து வீட்டு பல்ப் கண் சிமிட்டும். குண்டு பல்ப் என்றால் வோல்டேஜ் குறைந்தால் மங்கும், கரண்ட்டும் குறையும். எஸ்.எம்.பி.எஸ். அப்படி இல்லை. வெளியே கொடுக்க வேண்டிய வாட்டைக் கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் சுபாவம் அதற்கு. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும். 230 வோல்ட்டில் 5.7 ஆம்பியர் இழுப்பது 180 வோல்ட்டில் 7.2 ஆம்பியர் இழுக்கும். இந்த மிஷினோடு வரும் ஏ.பி.டபிள்யூ.3++ சப்ளை 1,600 வாட் கொடுப்பது 200 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான். அதற்குக் கீழே அந்த உத்தரவாதம் இல்லை.

மாலை ஆறரைக்கு அளந்தோம். மீட்டர் போர்டில் 207 வோல்ட். மிஷின் சொருகியிருந்த பிளக்கில் 198. நடுவில் 9 வோல்ட்டைத் தின்றது யார்? நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும், லூசான 6 ஆம்பியர் சாக்கெட்டும். 6.6 ஆம்பியர் பெருக்கல் 9 வோல்ட், ஏறக்குறைய 59 வாட். அதாவது ஒரு 60 வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் அந்த வயரிலும் சாக்கெட்டிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கயிறு மூட்டைகள்! இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அன்றே அதைக் கழற்றச் சொல்லி, மீட்டர் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். தனி வயர் இழுத்து, எம்.சி.பி.யோடு 16 ஆம்பியர் சாக்கெட் போடவைத்தோம். சாயங்கால நோய் அதோடு போயிற்று. பழைய பிளக்கில் எர்த் பின்னும் இல்லை. எர்த் இல்லாவிட்டால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் தகட்டில் பாதி வோல்டேஜ் வந்து உட்காரும். "தொட்டா சுருக்குங்குது, கரண்ட் நல்லா வருதுன்னு நெனச்சேன்" என்று அண்ணன் சொன்னதைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மிஷினே இல்லாமல் சப்ளையை மட்டும் சோதிப்பது எப்படி? கடையில் விற்கும் எலக்ட்ரானிக் லோடு நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் ஹெட்லைட் பல்ப் வாங்குங்கள். 55 வாட் ஃபிலமெண்ட் ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும். ஒரு கனெக்டருக்கு இரண்டு வீதம் பலகையில் அடித்துவிட்டால் அருமையான லோடு. லாரி பல்ப் 24 வோல்ட், அது உதவாது. எல்லா பல்பையும் ஒரே சமயத்தில் போடக்கூடாது. குளிர்ந்த ஃபிலமெண்டின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. முதல் கணத்தில் பத்து மடங்கு வரை இழுக்கும், சப்ளை ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கனெக்டரில் வோல்டேஜ் குறித்து, கிராஃப் போடுங்கள். சாதாரண கம்ப்யூட்டர் சப்ளைக்குச் சொல்லப்படும் 5 சதவீத எல்லையையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம், அதாவது 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. அரை மணி நேரம் லோடில் வைத்து மறுபடி அளக்க வேண்டும். பழுது பெரும்பாலும் சூட்டில்தான் வாய் திறக்கும். நம்ம ஊர் நார்த் தூசு ஃபேனுக்குள் கம்பளி போல் படிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் திறக்கும். லேபில் சி.ஆர்.ஓ. இருக்கிறது, ரிப்பிளையும் பாருங்கள். கம்ப்யூட்டர் சப்ளையின் 12 வோல்ட்டுக்கு 120 மில்லிவோல்ட் வரை அனுமதி.

பெட்டியைத் திறப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். மெயின்ஸைத் திருத்தி, பவர் ஃபேக்டர் சர்க்யூட் அதை 400 வோல்ட் டி.சி. அளவுக்கு உயர்த்தி ஒரு பெரிய கெபாசிட்டரில் வைத்திருக்கும். பிளக்கை உருவிய பின்னும் அது அங்கேயே இருக்கலாம். 470 மைக்ரோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 38 ஜூல். ஆளைக் கொல்ல அது போதும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று சத்தம் வரவைப்பது வீரம் அல்ல. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியோடு பத்து விநாடி வைத்து, பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து திறக்காதீர்கள். ஃபியூஸ் போயிருந்தால் தடித்த கம்பி போடாமல் சீரிஸ் பல்பில் போட்டுப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, பெரும்பாலும் மாஸ்ஃபெட் அல்லது பிரிட்ஜ்.

சரி, மூன்று போர்டும் ஓடிய பிறகு அந்த அண்ணன் பணக்காரர் ஆனாரா? மாதம் 936 யூனிட். இரண்டு மாத பில்லில் 1,870-ஐத் தாண்டும், வீட்டு இணைப்பில் மிக உயர்ந்த கட்டணப் படி அது. 2024 ஏப்ரலில் பிட்காயின் பரிசு 6.25-லிருந்து 3.125-ஆகப் பாதியாகிவிட்டது. 2022 முதல் வருமானத்துக்கு 30 சதவீத வரி, கரண்ட் பில்லைச் செலவாகக் கழிக்கவும் வழியில்லை. "தோட்டத்து பம்ப் செட் லைன்ல போட்டா என்ன?" என்று ஒருவர் யோசனை சொன்னார். இலவச விவசாய மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம் என்று சொன்னோம். மலேசியாவின் மீரி நகரில் திருட்டுக் கரண்ட்டில் ஓடிய 1,069 இயந்திரங்களைப் போலீஸார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியதையும் சொன்னோம். அந்த வீடியோ 2021 ஜூலையில் உலகமெங்கும் ஓடியது. பேச்சு அதோடு நின்றது.

மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று அண்ணன் மிஷினை விற்றுவிட்டார். ஓடுகிற மிஷின் என்பதால் எடைக்குப் போடுவதைவிட நல்ல விலை கிடைத்தது. பவர் சப்ளையை மட்டும் வைத்துக்கொண்டு, கயிற்று மூட்டைக்குத் தையல் போடும் 12 வோல்ட் மோட்டாரும் கடையின் எல்.இ.டி. விளக்குகளும் அதில் ஓட்டுகிறார். ஹெட்லைட் பலகையை எங்களிடமே கொடுத்துவிட்டார். அது நம் லேபின் பின்பக்க அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். போன வாரம் யாரோ அதில் ஒரு 24 வோல்ட் பல்பை மாட்டி வைத்திருந்தீர்கள், தயவுசெய்து கழற்றிவிடவும்.