நீராவி இன்ஜினின் ஆண்டு: தொன்மை ரயில் பணிக்கு வரும் இளைஞருக்கு ஒரு கடிதம்

தொன்மையான ரயில்பாதை ஒன்றைப் பேணும் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞருக்கு,

சிறிய ரயில் அருங்காட்சியகங்களின் வாசல் பெரும்பாலும் கோடை தொடங்கும்போது திறந்து இலையுதிர்காலத்தின் முடிவில் சாத்தப்படுவதால், பார்வையாளர் வரும் அந்தச் சில மாதங்களே பணிக்காலம் என்றும் எஞ்சியவை ஓய்வுக்காலம் என்றும் புதிதாக வருபவர் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் நீராவி இன்ஜினை ஓட்டும் இடத்தில் ஆண்டுக் கணக்கை முடிவு செய்வது கொதிகலனும் உறைபனியுமே. பயணச்சீட்டு விற்பனைக்கு அதில் இரண்டாம் இடந்தான் உண்டு. இதை விளக்க அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆல்னா என்னும் சிற்றூரில் உள்ள விஸ்காசெட், வாட்டர்வில் அண்டு ஃபார்மிங்டன் ரயில்வே அருங்காட்சியகம் நல்ல எடுத்துக்காட்டு. தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர் மட்டுமே இடைவெளி கொண்ட அந்தக் குறும்பாதை 1933 ஜூன் மாதத்தில் நின்றுபோய், தண்டவாளங்கள் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்ட பின்னர், 1989இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் பழைய பாதைமேட்டின் மீதே அதைச் சிறிது சிறிதாக மறுபடியும் போட்டு வருகிறார்கள்.

அமெரிக்கக் கூட்டரசின் ரயில்வே நிர்வாகம் நீராவி இன்ஜின்களுக்கு வகுத்துள்ள விதி ஒன்றை, அது தம் பாதைக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டும். 1,472 பணி நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது கொதிகலனின் போர்வையையும் உள்ளே உள்ள குழாய்களையும் கழற்றி, தகடுகளின் கனத்தை அளந்து, அது தாங்கக்கூடிய அழுத்தத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்பதே அவ்விதி. இதில் பணி நாள் என்பது ரயில் ஓடிய நாளைக் குறிக்காது. அடுப்பில் நெருப்பு இருந்து, கொதிகலனில் வளிமண்டலத்தை விஞ்சிய நீராவி அழுத்தம் இருந்த எந்த நாளும் ஒரு பணி நாளே. ஆகவே மழை பெய்யும் ஒரு மே மாதக் காலையில் நான்கு பேருக்காக நெருப்பு மூட்டினாலும், இலைகள் சிவந்து கூட்டம் அலைமோதும் அக்டோபர் ஞாயிறன்று மூட்டினாலும், 1,472 நாள் கணக்கிலிருந்து கழிவது ஒரு நாள்தான். கால அட்டவணை வகுப்பவர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே தேதிகளைக் குறிக்க வேண்டும். அதோடு, ஓடுவதைக் காட்டிலும் சூடேறுவதும் ஆறுவதுமே கொதிகலனை அதிகம் வருத்துகின்றன. தகடுகள் சமமின்றி விரிந்து சுருங்கும்போது, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடிக்கும் பிணைப்பு ஆணிகளில் மெல்ல மெல்ல விரிசல் விழுகிறது. புதன், சனி என்று நாட்களைச் சிதறடிப்பதைவிட அடுத்தடுத்த நாட்களாகச் சேர்த்து ஓட்டுவதே இன்ஜினுக்கு நல்லது. முதல் நெருப்பை மணிக்கணக்கில் மெதுவாக வளர்க்கப் பொறுமையில்லாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஃபயர்மேன் வேலைக்கு உரியவர் அல்லர்.

பருவம் முடியும் வேளையில்தான் ஒரு பணியாளரின் தரம் தெரியவரும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. வார்ப்பிரும்பும் பித்தளையும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. எனவே மெய்ன் போன்ற குளிர்நாட்டில் முதல் கடும்பனிக்கு முன் இன்ஜினிலிருந்து நீர் முழுவதும் வெளியேற வேண்டும். கொதிகலன் தானாக ஆறும்வரை காத்திருந்து, அதன் பிறகே நீரை வடித்து, கழுவுதுளைகளின் அடைப்பான்களைத் திருகி எடுத்து, அடுப்பைச் சுற்றியுள்ள நீர்ச்சுவரின் அடிமூலைகளில் படிந்த சேற்றையும் சுண்ணப்படிவையும் வேகமான நீரால் அடித்துக் கழுவ வேண்டும். அங்கிருந்து வெளிவரும் செதில்களைக் கையிலெடுத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் கோடை முழுவதும் நீரின் பக்குவம் எப்படி இருந்தது என்பதை அவையே சொல்லும். பெரிய கொதிகலனைக் காலி செய்துவிட்டுச் சிறிய உறுப்புகளை மறந்துவிடுவதே வழக்கமாக நேரும் பிழை. நீராவியின் விசையைக் கொண்டே நீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் கருவியான இன்ஜெக்டரின் வயிற்றிலும், நீர்மட்டக் கண்ணாடியின் கீழ்க்குமிழிலும், தொட்டியிலிருந்து வரும் குழாய் வளைந்து தாழும் இடத்திலும் ஒரு குவளை நீர் தங்கினால் போதும், வசந்தத்தில் அந்த உறுப்பு பிளந்திருக்கும். அழுத்தக் காற்றால் ஒவ்வொரு குழாயையும் ஊதி, திறந்து விட்ட குமிழ் ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கும் முறையைக் கடைப்பிடிப்பதில் எவ்விதச் சங்கடமும் தேவையில்லை. நினைவாற்றலை நம்பி விடுபவரைவிடப் பட்டியலை நம்புபவரே இங்கு மூத்தவர்.

குளிர்காலம் பணிமனையின் காலம். அதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, செய்தால்தான் புரியும். ஆனால் கூரையின் அருமையை மட்டும் சொல்லியாக வேண்டும். 1891இல் போர்ட்லண்ட் நிறுவனம் கட்டிய, மேற்சொன்ன குறும்பாதையில் ஓடிய 9ஆம் எண் இன்ஜின், அப்பாதை அழிந்த பிறகு 1937இல் கனெக்டிகட் மாநிலத்துக் குடும்பம் ஒன்றால் வாங்கப்பட்டு, 1995இல் ஆல்னாவுக்குத் திரும்பும்வரை அவர்களது நிலத்தில் கொட்டகைக்குள் நின்றது. மழையும் பனியும் படாமல் காத்த அந்தக் கூரைதான், இன்று அது மறுபடியும் நீராவியில் ஓடுவதற்கு முதற்காரணம். நிதி குறைவாக இருக்கும் அருங்காட்சியகம் புதிதாக ஒரு வண்டியை வாங்குவதா, இருக்கும் வண்டிகளுக்குக் கொட்டகை போடுவதா என்று தயங்கினால், இளைஞர் தம் வாக்கைக் கொட்டகைக்கே அளிக்கட்டும்.

பனி விலகும்போது வேலை பாதைக்கு மாறுகிறது. மண்ணுக்குள் உறைந்த ஈரம் ஸ்லீப்பர் கட்டைகளை ஒரு பக்கம் உயர்த்தியும் மறுபக்கம் விட்டும் போயிருக்கும். உருகிய பின் சேறான இடங்களில் கட்டை மறுபடி அமிழும். இரு தண்டவாளங்களின் உயரமும் ஒரு சென்டிமீட்டர் மாறுபட்டால், 1,435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பாதையில் சாயும் வண்டியைவிட 610 மில்லிமீட்டர் பாதையில் நிற்கும் வண்டி இரண்டு மடங்குக்கும் மேலாகச் சாய்கிறது. ஆகையால் குறும்பாதையில் மட்டப்பலகையுடன் முழு நீளத்தையும் நடந்தே பார்க்க வேண்டும். வண்டியில் அமர்ந்து பார்த்துவிட்டேன் என்பவரின் குறிப்பை ஏற்கலாகாது. மரங்கள் தளிர்ப்பதற்கு முன்னுள்ள வாரங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு: சென்ற ஆண்டின் சருகு காய்ந்து கிடப்பதால் மெய்னில் காட்டுத்தீ அதிகம் பற்றும் காலம் அதுவே. புகைபோக்கியின் பொறித்தடுப்பு வலையில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ரயில் சென்ற பின் நீர்த்தொட்டியுடன் ஒருவர் பாதையைத் தொடர்ந்து வருவதும், வறண்ட காற்று வீசும் நாளில் நெருப்பே மூட்டாமல் விடுவதும் அக்காலத்துக்குரிய கடமைகள்.

கடினமான முடிவு டிசம்பரில் வருகிறது. கிறிஸ்துமஸ் ரயில்களுக்குக் குழந்தைகளும் பெற்றோரும் திரளாக வருவதால் பல அருங்காட்சியகங்களுக்கு அது நல்ல வருவாய். அதே வாரங்களில்தான் நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினின் குழாய்களில் நீர் உறைய முயல்கிறது. இரவு முழுவதும் நெருப்பைக் காக்க ஆட்கள் இருந்தால் நீராவியில் ஓட்டலாம். ஆட்கள் இல்லையெனில் சிறிய டீசல் இன்ஜினே பெட்டிகளை இழுக்கட்டும். அச்செய்தியைப் பயணச்சீட்டு விற்கும் முன்பே தெளிவாக அறிவித்துவிட்டால், வெதுவெதுப்பான பெட்டியும் விளக்கொளியும் கிடைத்த குடும்பங்கள் குறைப்பட்டுக்கொள்வதில்லை. அறிவிக்காமல் கடைசி நேரத்தில் மாற்றினால் குறைப்படுவார்கள். அதில் அவர்கள் பக்கமே நியாயம் இருக்கும்.