லாயத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே



சொந்தக் குதிரை வைத்திருப்பவரின் கணவரோ மனைவியோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறார். பிரிட்டனில் பலர் குதிரையை 'லிவரி' எனப்படும் வாடகை லாயத்தில் விட்டிருப்பார்கள். முழு லிவரியில் தீவனம், சுத்தம் எல்லாம் லாயத்தாரின் பொறுப்பு. பாதி லிவரியில் வேலை பங்கிடப்படும். செலவு குறைந்த டி.ஐ.ஒய். லிவரியில் கொட்டடியும் மேய்ச்சல் நிலமும் மட்டுமே வாடகைக்குக் கிடைக்கும். சாணம் அள்ளுவது முதல் தண்ணீர் நிரப்புவது வரை உரிமையாளர்தான் காலையும் மாலையும் வந்து பார்க்க வேண்டும். சிக்கல் முற்றுவது இவர்களுக்குத்தான், அதிலும் குளிர்காலத்தில். டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் பகல் வெளிச்சம் 8 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. நோயாளியைப் பார்க்க அனுமதிக்கும் நேரம் பிற்பகலில் அமைந்துவிட்டால், அன்றைய சவாரி போய்விடும்.

குதிரைக்குச் சேர வேண்டியது வேறு. சவாரிக்காரர் தாமாக ஏற்றுக்கொண்ட கடமை வேறு. தீவனம், தண்ணீர், சுத்தம், குளம்புப் பராமரிப்பு ஆகியவற்றை ஒத்திப்போட முடியாது. ஆனால் விவரம் தெரிந்த யார் செய்தாலும் குதிரைக்குப் போதும். சவாரி, பயிற்சி வகுப்பு, போட்டி ஆகியவற்றைத் தாராளமாக ஒத்திப்போடலாம். போட்டிக்குப் போகவில்லையே என்று எந்தக் குதிரையும் ஏங்குவதில்லை. மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். டாக்டர் வரும்போது உடனிருந்து கேட்பதையும், பயந்துபோயிருப்பவரின் அருகில் உட்கார்ந்திருப்பதையும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது. ஆகவே கைமாற்றிவிட வேண்டியது லாயத்து வேலையைத்தான். நடைமுறையில் பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். லாயத்து வேலைக்கு ஒரு முடிவு உண்டு, செய்து முடித்த நிறைவும் உண்டு. வார்டில் காத்திருப்பதற்கு இரண்டும் இல்லை. மனம் லாயத்தின் பக்கம் சாய்வது இயல்புதான்.

சவாரியை நிறுத்தினால் தீவனத்தையும் மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர்ந்த புல் போன்ற நார்த்தீவனம் வேண்டும்; இதைக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியது ஓட்ஸ் போன்ற தானியத்தை. கடுமையாக உழைத்துப் பழகிய குதிரை முழுத் தானியத்தையும் தின்றுவிட்டுச் சும்மா நின்றால், மறுபடி வேலைக்குக் கிளப்பும்போது தசைகள் விறைத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஓரடிகூட எடுத்துவைக்க முடியாமல் போகலாம். பாரவண்டிக் குதிரைகள் ஞாயிறன்று ஓய்ந்திருந்து மறுநாள் இப்படி விழுந்ததால், பழைய வண்டிக்காரர்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்றார்கள். அந்த நிலையில் குதிரையை நடத்திப் பார்க்கக் கூடாது. நின்ற இடத்திலேயே வைத்துக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வு நாட்களில் கொட்டடியிலேயே அடைத்துவைக்காமல் மேய்ச்சலில் விடுவது நல்லது. புதுத் தீவனத்துக்கு மாற்றுவதானால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும். திடீர் மாற்றம் கொடிய வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம். இரண்டு மூன்று வார ஓய்வில் நன்கு பழகிய குதிரையின் உடல்திறன் பெரிதாகக் குறைவதில்லை. மாதக்கணக்கில் நின்றுவிட்ட குதிரையை முதலில் நடையில் மட்டும் பழக்கி, பிறகுதான் ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பொறுப்பை வாய்ச்சொல்லாக ஒப்படைப்பது போதாது. தீவன அளவு, மருந்து, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், அடுத்து லாடக்காரர் வர வேண்டிய தேதி எல்லாம் கொட்டடிக் கதவிலேயே எழுதித் தொங்க வேண்டும். குளம்பை வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற லாடக்காரர்தான் லாடம் அடிக்கலாம் என்பதால், இதில் பக்கத்துக் கொட்டடிக்காரரின் உதவி பலிக்காது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு கையெழுத்து. உரிமையாளர் வார்டில் தொலைபேசியை அணைத்துவைத்திருக்கும்போது குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டால், அறுவைச் சிகிச்சையா, கருணைக்கொலையா என்பதைச் சில மணி நேரத்துக்குள் யாராவது முடிவுசெய்தாக வேண்டும். அந்த அதிகாரம் யாருக்கு, செலவுக்கு வரம்பு என்ன என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது குதிரைக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

குதிரையேற்றமே பிழைப்பாக உள்ளவர்களுக்கு ஒத்திப்போடும் வழி கிடையாது. டிக் பிரான்சிஸ் தடைதாண்டும் பந்தயங்களின் ஜாக்கி. 1949இல் கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி மேரியைப் போலியோ தாக்கியது. மூச்சுக்காக இரும்பு நுரையீரல் இயந்திரத்தில் வைக்கப்பட்டார். பிரான்சிஸ் பந்தயங்களைத் தொடர்ந்தார். 1953–54 பருவத்தில் சாம்பியன் ஜாக்கியாகவும் ஆனார். பின்னாளில் நாவலாசிரியரான அவர் எழுதிய 'ஃபார்ஃபிட்' (1968) கதையின் நாயகன், போலியோவால் முடங்கி இயந்திரத்தின் துணையில் மூச்சுவிடும் மனைவியைப் பராமரிக்கும் பந்தய நிருபர்.

பொழுதுபோக்காகச் சவாரி செய்பவரும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அரை மணி நேரச் சவாரி மனத்தை இலகுவாக்குமானால் அதில் குற்றமில்லை. தூக்கமில்லாத உடம்போடு இளங்குதிரையை அடக்கப் போவதும் தடை தாண்டுவதும் மட்டும் கூடாது. எலும்பு முறிந்தால் வீட்டில் இருவருமே நோயாளிகள். தலைக்கவசம் கட்டாயம். தொலைபேசி சேணப்பையில் அல்ல, சவாரிக்காரரின் உடம்பில் இருக்க வேண்டும். அவர் விழுந்தால் குதிரை சேணத்தோடு ஓடிவிடும். லாயத்திலிருந்து நேரே வார்டுக்குப் போகவும் கூடாது. குதிரையின் பொடுகும் ரோமமும் ஒவ்வாமையைத் தூண்டும். பூட்ஸிலும் உடையிலும் கிருமிகள் ஒட்டியிருக்கும். குளித்து, உடை மாற்றிய பிறகே நோயாளியின் அருகில் செல்ல வேண்டும்.

நோயாளி வீடு திரும்பும் அன்றே லாய ஏற்பாட்டை ரத்துசெய்ய அவசரப்படக் கூடாது. மருத்துவமனையில் செவிலியர் பார்த்த வேலை அன்றிலிருந்து வீட்டாரின் தலையில் விழும் என்பதால், முதல் சில வாரங்களுக்காவது மாற்று ஆள் தொடர வேண்டும். நோய் நீளும் என்று தெரிந்தால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு குதிரையை வேறொருவரிடம் தற்காலிகமாக விடலாம், அல்லது சவாரியையும் செலவையும் பகிரும் கூட்டாளியைச் சேர்க்கலாம். விற்பதா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.